குறி தப்பாத கையும் குறி தப்பிய முடிவும்



ஒரு அணி கோப்பையை வென்றால் யாருக்குக் கை தட்டுவோம்? கடைசி நொடியில் பந்தைக் கூடைக்குள் போட்டவருக்கு. தோற்றால் யாரைத் திட்டுவோம்? கடைசி நொடியில் கோட்டை விட்டவரை. சரிதானே?

ஆனால், மைதானத்தில் இறங்காத, ஒரு சொட்டு வியர்வை சிந்தாத சிலர் ஒவ்வொரு பெரிய அணியிலும் இருக்கிறார்கள். அறைக்குள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாரை அணிக்குள் கொண்டு வருவது, யாரை வெளியே அனுப்புவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று தீர்மானிப்பது அவர்கள்தான். அவர்கள் போடும் ஒரு கையெழுத்து, பல ஆண்டுகளுக்கு அந்த அணியின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் அப்படி ஒரு கையெழுத்து பெரிய புயலையே கிளப்பியது. டல்லாஸ் நகரத்தின் அணியான டல்லாஸ் மேவரிக்ஸ், 2024 ஜூலையில் குறி தப்பாத ஒரு வீரரைக் கூட்டி வந்தது. ஏழே மாதத்தில், அவரை எதற்காகக் கூட்டி வந்ததோ அந்தக் காரணத்தையே தூக்கி வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது!

தலை சுற்றுகிறதா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று புள்ளிக் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

என்.பி.ஏ. மைதானத்தில் கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். வளையத்திலிருந்து 23 அடி 9 அங்குலத் தூரத்தில், வில் போல வளைந்த ஒரு கோடு போட்டிருப்பார்கள். மூலைகளில் மட்டும் இந்தத் தூரம் 22 அடி. கோட்டுக்கு உள்ளே இருந்து பந்தைக் கூடைக்குள் போட்டால் 2 புள்ளி. கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி. இந்த மூன்று புள்ளி விதி என்.பி.ஏ.வில் 1979-80 சீசனில்தான் வந்தது.

ராமு கோட்டுக்கு உள்ளே இருந்து 10 முறை எறிகிறான். பாதி, அதாவது 5 விழுகிறது. 5 x 2 = 10 புள்ளி. சோமு கோட்டுக்கு வெளியே இருந்து 10 முறை எறிகிறான். தூரம் அதிகம் என்பதால் 4 தான் விழுகிறது. 4 x 3 = 12 புள்ளி. குறைவாகப் போட்டவனுக்கு அதிகப் புள்ளி!

இதனால்தான் 100 முறை எறிந்தால் 40 முறை உள்ளே போடக்கூடிய ஒருவருக்கு அணிகள் கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுக்கின்றன.

இன்னொரு லாபமும் உண்டு. இப்படி ஒருவர் கோட்டருகே நின்றாலே போதும். எதிரணி வீரர் ஒருவர் அவரை விட்டு நகரவே மாட்டார். கொஞ்சம் நகர்ந்தாலும் 3 புள்ளி போய்விடுமே! அதனால் கூடைக்குப் பக்கத்தில் கூட்டம் குறையும். மற்றவர்கள் சுலபமாக உள்ளே நுழைவார்கள். பந்தைத் தொடாமலேயே அணிக்கு உதவி செய்கிறார் பாருங்கள்!

வந்தார் கிளே தாம்சன்

டல்லாஸ் கூட்டி வந்த அந்தக் குறி தப்பாத வீரரின் பெயர் கிளே தாம்சன். இவர் அப்பா மைக்கல் தாம்சனும் என்.பி.ஏ. வீரர்தான். பஹாமாஸ் தீவில் பிறந்தவர்.

2011ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கிளேயைத் தேர்வு செய்தது. அந்த ஆண்டுத் தேர்வு வரிசையில் 11வது இடம். அதன் பிறகு 13 ஆண்டுகள் அதே அணிதான். 2015, 2017, 2018, 2022 என்று 4 முறை கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

இவருடைய கைவேலையைக் கேளுங்கள். 2015 ஜனவரி 23 அன்று, சாக்ரமென்டோ அணிக்கு எதிராக, 12 நிமிடமே கொண்ட ஒரே ஒரு கால் பகுதி ஆட்டத்தில் 37 புள்ளி குவித்தார். எறிந்தது 13. விழுந்ததும் 13! 2018 அக்டோபரில், சிகாகோ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து 14 முறை கூடைக்குள் போட்டு என்.பி.ஏ. சாதனை படைத்தார்.

எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது 2016 டிசம்பர் 5 அன்று நடந்தது. இண்டியானா அணிக்கு எதிராக 29 நிமிடமே ஆடி 60 புள்ளி எடுத்தார். அந்த 29 நிமிடத்தில் பந்து அவர் கையில் இருந்த மொத்த நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 90 விநாடி! பந்தைத் தரையில் தட்டியது 11 முறை மட்டும்!

எப்படி முடிந்தது? மற்றவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். எதிரணியைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். சரியான நொடியில் கிளேயிடம் பந்தைக் கொடுத்தார்கள். அவர் வாங்கினார், எறிந்தார், விழுந்தது.

குட்டீஸ், இந்த இடத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குறி தப்பாத வீரருக்குப் பந்து தானாக வராது. யாராவது கொடுக்க வேண்டும். கொடுப்பவர் கெட்டிக்காரராக இருந்தால்தான் எறிபவர் பளிச்சிடுவார்.

டல்லாஸ் போனது ஏன்?

கிளேக்குக் கெட்ட காலமும் வந்தது. 2019 இறுதிச் சுற்றில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அது ஆறி வரும்போது 2020 நவம்பரில் குதிகாலில் பெரிய காயம். இரண்டு சீசன் முழுக்க ஆடவே இல்லை. 2022 ஜனவரியில் திரும்பி வந்து, அதே ஆண்டு கோப்பையும் வென்றார். ஆனால் வயது ஏறியது. 2024ல், பல ஆண்டுகளுக்குப் பிறகு, மாற்று வீரராக வெளியே உட்கார்ந்து தொடங்க வேண்டி வந்தது. வாரியர்ஸ் அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில் 10 முறை எறிந்தார். ஒன்றுகூட விழவில்லை. மொத்தம் 0 புள்ளி.

"இவர் கதை முடிந்தது" என்று பலர் பேசினார்கள். அப்போதுதான் டல்லாஸ் கை நீட்டியது. 3 ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் சம்பளம். இதற்காக ஆறு அணிகள் சேர்ந்து ஒரு சிக்கலான ஒப்பந்தம் போட்டன. ஜோஷ் கிரீன் என்ற தன் இளம் வீரரை டல்லாஸ் வேறு அணிக்கு அனுப்பியது.

டல்லாஸ் அணிக்கு அவர் ஏன் தேவைப்பட்டார்? அங்கே லூகா டான்சிச் இருந்தார். ஸ்லோவேனியா நாட்டில் பிறந்தவர். 13 வயதிலேயே ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் அணியில் சேர்ந்தவர். 2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 33.9 புள்ளி எடுத்து, என்.பி.ஏ.வில் முதலிடம் பிடித்தார். 2024 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தார்! இவரைத் தடுக்க எதிரணியில் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் ஓடி வருவார்கள். அப்போது வேறு யாரோ ஒருவர் தனியாக நிற்பார் அல்லவா? அவரைக் கண்டுபிடித்துப் பந்தைக் கொடுப்பதில் டான்சிச் கில்லாடி.

அதே 2024ல் டல்லாஸ் இறுதிச் சுற்று வரை போய், பாஸ்டன் அணியிடம் 4-1 என்று தோற்றது. "டான்சிச் பந்தைக் கொடுக்கும் இடத்தில் ஒரு கிளே தாம்சன் நின்றால்?" நிர்வாகத்தின் கணக்கு இதுதான். நல்ல கணக்குத்தான்!

2024 அக்டோபரில் டல்லாஸ் சட்டை போட்டு ஆடிய முதல் ஆட்டத்திலேயே கிளே 22 புள்ளி எடுத்தார். அதில் 6 மூன்று புள்ளிக் கூடைகள். நவம்பரில் தன் பழைய ஊரான சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரணி வீரராகப் போனார். வாரியர்ஸ் ரசிகர்கள் அவரைத் திட்டவில்லை. கடலில் படகு ஓட்டுவது அவருக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், எல்லாரும் படகுக் கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டு வரவேற்றார்கள்!

நிர்வாக அறையில் யார்?

இங்கே ஒரு நிமிடம் நின்று, நிர்வாக அறைக்குள் எட்டிப் பார்ப்போம்.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஓர் உரிமையாளர். அவருக்குக் கீழே பொது மேலாளர். அவருக்குக் கீழே வீரர்களை ஆராய்பவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள். பயிற்சியாளரின் வேலை, கையில் இருக்கும் வீரர்களை ஆட வைப்பது. கையில் யார் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பொது மேலாளரின் வேலை.

இஷ்டத்துக்குப் பணம் கொட்டி எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிட முடியாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனில் அது ஓர் அணிக்குச் சுமார் 14 கோடி டாலர். சில விதிவிலக்குகள் இருந்தாலும், ரொம்பத் தாண்டினால் அபராத வரி கட்ட வேண்டும்.

ஏலமும் கிடையாது. ஒரு வீரரைக் கொடுத்து இன்னொரு வீரரை வாங்கிக்கொள்ளலாம். பண்டமாற்று மாதிரி! அதோடு, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் புதிய இளம் வீரர்களைத் தேர்வு செய்வார்கள். அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் அணிக்கும் ஒரு முறை வரும். அந்த முறையையும் பண்டமாற்றில் கொடுக்கலாம். 2029ல் வரப்போகிற முறையை இன்றே கொடுத்துவிடலாம்!

அப்போது டல்லாஸ் அணியின் பொது மேலாளர் நிகோ ஹாரிசன். அதுவரை அவர் எடுத்த முடிவுகள் பல பலித்திருந்தன. 2023ல் கைரி இர்விங் என்ற வீரரைக் கொண்டு வந்தபோது பலர் கேலி செய்தார்கள். ஆனால் இர்விங்கும் டான்சிச்சும் சேர்ந்து அணியை இறுதிச் சுற்றுக்கே கொண்டு போனார்கள்.

நள்ளிரவில் வந்த செய்தி

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நள்ளிரவு நெருங்கும் நேரம். ஒரு செய்தி வெளியானது.

டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது டல்லாஸ்!

யாரும் நம்பவில்லை. செய்தியை முதலில் வெளியிட்ட நிருபரின் இணையக் கணக்கை யாரோ திருடி விளையாடுகிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் செய்தி உண்மை.

பதிலுக்கு டல்லாஸ் வாங்கியது என்ன? ஆண்டனி டேவிஸ் என்ற உயரமான நட்சத்திர வீரர், மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளம் வீரர், 2029ஆம் ஆண்டின் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு முறை. டான்சிச்சுக்கு வயது 25. டேவிசுக்கு 31.

பேச்சுவார்த்தை ரகசியமாக நடந்தது. டல்லாஸ் பயிற்சியாளர் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. மற்ற அணிகளுக்கு இப்படி ஒரு பேச்சு நடப்பதே தெரியாது. டான்சிச்சுக்கும் தெரியாது!

மறுநாளே ரசிகர்கள் மைதானத்தின் வெளியே கூடிவிட்டார்கள். அங்கே டிர்க் நோவிட்ஸ்கி என்ற வீரரின் சிலை இருக்கிறது. 21 சீசன்கள் டல்லாஸ் அணிக்காக மட்டுமே ஆடி, 2011ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்தச் சிலை அருகே ரசிகர்கள் ஒரு சவப்பெட்டியையே கொண்டு வந்து வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். அதன் பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் "நிகோவை நீக்கு!" என்ற கோஷம் எழுந்தது.

யோசித்துப் பாருங்கள். டான்சிச் சட்டை போட்டுக்கொண்டு தூங்கிய எத்தனை குழந்தைகள், காலையில் எழுந்து இந்தச் செய்தியைக் கேட்டிருப்பார்கள்! கிளேயின் நிலையோ இன்னும் சங்கடம். பந்து கொடுப்பவரை நம்பித்தானே வந்தார்? இப்போது எறியும் கை இருக்கிறது. கொடுக்கும் கை போய்விட்டது.

ஹாரிசன் பக்கமும் கேட்போம்

ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது அல்லவா? ஹாரிசன் சொன்ன காரணங்களையும் பார்ப்போம்.

கோப்பையை வென்று தருவது தடுப்பாட்டம்தான் என்றார் அவர். டேவிஸ் தடுப்பாட்டத்தில் புலி. டான்சிச் அதில் அவ்வளவு கெட்டியில்லை. டான்சிச்சின் உடல் கட்டுப்பாடு பற்றியும் நிர்வாகத்துக்குக் கவலை இருந்தது. அந்தச் சமயத்தில் அவர் கெண்டைக்காலில் காயத்தோடு ஆடாமல் இருந்தார். 2025 கோடையில் அவருக்கு 5 ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் வரை புதிய ஒப்பந்தம் போட வேண்டி வந்திருக்கும். அவ்வளவு பணத்தை ஒருவரிடமே கொட்டலாமா என்ற கேள்வியும் இருந்தது.

இவை அர்த்தமற்ற காரணங்கள் அல்ல. ஆனால் இந்தக் காரணங்களுக்குள்ளேயே ஓட்டைகள் இருந்தன.

காயம் பற்றிக் கவலை என்றார்கள். ஆனால் வாங்கிய டேவிசும் அடிக்கடி காயம் படுபவர்தான். அன்று அவரும் வயிற்றுத் தசைக் காயத்தோடுதான் இருந்தார்!

விலையைப் பாருங்கள். 2024 கோடையில் நியூயார்க் அணி மிக்கேல் பிரிட்ஜஸ் என்ற வீரருக்காக 5 முதல் சுற்றுத் தேர்வு முறைகளைக் கொடுத்தது. 2025 ஜூனில் ஆர்லாண்டோ அணி, டெஸ்மண்ட் பேன் என்ற இன்னொரு குறி தப்பாத வீரருக்காக, இரண்டு வீரர்களோடு 4 முதல் சுற்று முறைகளைக் கொடுத்தது. இருவரும் நல்ல வீரர்கள். ஆனால் ஆண்டின் சிறந்த ஐந்து வீரர் அணியில் ஒருமுறைகூட இடம் பிடிக்காதவர்கள். அந்த அணியில் 5 முறை இடம் பிடித்தவர் டான்சிச். அவருக்கு டேவிசோடு டல்லாஸ் வாங்கியது ஒரே ஒரு முறை! நாலு கடையில் விலை விசாரிக்காமல் முதல் கடையிலேயே நகையை விற்ற மாதிரி இல்லையா?

அடுத்து நடந்தது என்ன?

டேவிஸ் 2025 பிப்ரவரி 8 அன்று டல்லாஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். பிரமாதமாக ஆடினார். ஆனால் அந்த ஆட்டத்திலேயே காயம்! ஆறு வாரம் ஆட முடியவில்லை. மார்ச் 3 அன்று இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது.

பந்தைத் தட்டிக்கொண்டு போய் வழி திறக்கும் இருவரும் இல்லை. கிளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தார். அந்த சீசனில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து அவர் எறிந்ததில் 100க்கு 39 கூடைக்குள் விழுந்தது. குறி தப்பவில்லை. ஆனால் அணி தவறியது.

2023-24ல் 82 ஆட்டத்தில் 50 வெற்றி பெற்ற டல்லாஸ், 2024-25ல் பெற்றது 39 வெற்றிதான். பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைவதற்கான ஆட்டத்தில் மெம்பிஸ் அணியிடம் தோற்று வெளியேறியது.

ஏப்ரல் 9 அன்று டான்சிச், லேக்கர்ஸ் வீரராக டல்லாஸ் வந்தார். ஆட்டத்துக்கு முன்பு அவருடைய பழைய காட்சிகளைத் திரையில் போட்டார்கள். உட்கார்ந்து பார்த்தவர் கண்களில் கண்ணீர். பிறகு எழுந்து போய் 45 புள்ளி எடுத்தார்!

ஆனால் லேக்கர்ஸ் அணியும் அந்த ஆண்டு பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே மின்னசோட்டா அணியிடம் 4-1 என்று தோற்றுவிட்டது. நல்ல பொருளை வாங்கியவர்களுக்கும் உடனே கோப்பை கிடைக்கவில்லை.

1000 சீட்டில் 18

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? இனிதான் வேடிக்கை!

புதிய வீரர்களைத் தேர்வு செய்வதில் முதல் முறை யாருக்கு என்பதை என்.பி.ஏ. குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கிறது. பிளே-ஆஃப் போகாத 14 அணிகள் இதில் இருக்கும். மிக மோசமாக ஆடிய அணிகளுக்கு வாய்ப்பு அதிகம். மொத்தம் 1000 சீட்டு என்று வைத்துக்கொண்டால், 2025ல் மிகக் குறைந்த வெற்றி பெற்ற யூட்டா அணிக்கு 140 சீட்டு. டல்லாஸ் அணிக்கு 18 சீட்டுதான். அதாவது 1.8 சதவீதம்!

2025 மே 12. குலுக்கல் நடந்தது. முதல் முறை... டல்லாஸ் அணிக்கு! யூட்டா ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது.

ஜூன் 25 அன்று டல்லாஸ், கூப்பர் பிளாக் என்ற 18 வயது இளைஞரை முதல் ஆளாகத் தேர்வு செய்தது. மெய்ன் மாநிலத்தில் பிறந்து, டியூக் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அந்த ஆண்டின் மிகச் சிறந்த இளம் வீரர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டவர்.

"பார்த்தீர்களா, ஹாரிசன் செய்தது நல்லதாகத்தானே முடிந்தது!" என்று சிலர் பேசத் தொடங்கினார்கள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் குட்டீஸ்?

நல்ல முடிவு எது?

ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தான். ஒரு வண்டியும் மோதவில்லை. பத்திரமாக அக்கரை சேர்ந்துவிட்டான். அவன் செய்தது நல்ல முடிவா? இல்லவே இல்லை! அவனுக்கு அன்று அதிர்ஷ்டம். அவ்வளவுதான்.

இன்னொருவன் இரண்டு பக்கமும் பார்த்து, பச்சை விளக்கு எரிந்த பிறகே கடந்தான். வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்துவிட்டான். அவன் முடிவு கெட்ட முடிவா? அதுவும் இல்லை. அது துரதிர்ஷ்டம்.

ஆக, விளைவு வேறு, முடிவு வேறு. 1000 சீட்டில் 18 மட்டும் வைத்திருந்து ஜெயித்ததற்கு டல்லாஸ் நிர்வாகம் எந்த உழைப்பும் செய்யவில்லை. டான்சிச்சைக் கொடுத்தபோது இந்தக் குலுக்கலை மனதில் வைத்தும் கொடுக்கவில்லை. அதேபோல இர்விங் காலில் அடிபட்டதும் ஹாரிசன் செய்த தவறு அல்ல. அதிர்ஷ்டத்துக்குப் பாராட்டும் வேண்டாம்; துரதிர்ஷ்டத்துக்குத் திட்டும் வேண்டாம்.

அப்படியென்றால் ஒரு முடிவை எதை வைத்து எடை போடுவது? மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: அன்றைக்குத் தெரிந்த விஷயங்களை எல்லாம் பார்த்தார்களா? 

இரண்டு: வேறு வழிகளை விசாரித்தார்களா? 

மூன்று: தங்களோடு ஒத்துப்போகாதவர்களிடமும் கருத்துக் கேட்டார்களா?

இதே கிளே தாம்சன் வாழ்க்கையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2014 கோடையில், கெவின் லவ் என்ற பெரிய நட்சத்திரத்தை வாங்க வாரியர்ஸ் அணி ஆசைப்பட்டது. பதிலுக்குக் கிளேயைக் கொடுக்க வேண்டும். அப்போது லவ், கிளேயைவிடப் பெரிய பெயர். ஆனால் வாரியர்ஸ் நிர்வாக அறைக்குள் பெரிய விவாதமே நடந்தது. அணியின் ஆலோசகர் ஜெர்ரி வெஸ்ட், புதிதாக வந்த பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் இருவரும் "கிளேயைக் கொடுக்கக் கூடாது" என்று வாதாடினார்கள். கிளே குறி பார்த்து எறிவார், தடுக்கவும் செய்வார், ஸ்டீபன் கரிக்குப் பக்கத்தில் அவர் நின்றால்தான் பொருத்தம் என்பது அவர்கள் வாதம். கடைசியில் கிளேயைக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே கோப்பை வந்தது.

கோப்பை வந்ததால் மட்டும் அது நல்ல முடிவு என்று சொல்லவில்லை. கேட்டார்கள், விவாதித்தார்கள், "யார் பக்கத்தில் யார் நின்றால் பொருந்தும்" என்று யோசித்தார்கள். அதனால்தான் நல்ல முடிவு.

டல்லாஸ் எடுத்தது ரகசிய முடிவு. ரகசியம் காப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. பேச்சு வெளியே கசிந்து, கடைசியில் எதுவும் நடக்காமல் போனால், அந்த வீரர் மனம் நோகும். ஆனால் ரகசியத்துக்கு ஒரு விலையும் உண்டு. "இது வேண்டாம் சார், யோசியுங்கள்" என்று சொல்ல அறைக்குள் ஆளே இருக்க மாட்டார்.

2025-26 சீசன் தொடங்கியது. முதல் 11 ஆட்டத்தில் டல்லாஸ் அணிக்கு 3 வெற்றிதான். "நிகோவை நீக்கு" கோஷம் ஓயவில்லை. 2025 நவம்பர் 11 அன்று ஹாரிசன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உரிமையாளர் தரப்பில் பொறுப்பு வகித்த பாட்ரிக் டுமான்ட், ரசிகர்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதமே எழுதினார். அவருடைய ஒப்புதல் இல்லாமல் டான்சிச் போயிருக்க முடியாது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஓர் ஆள் வெளியேறினார் என்பதற்காகப் பொறுப்பு முழுவதும் அவரோடு போய்விடாது!

உங்களுக்கும் ஒரு நிர்வாக அறை

குட்டீஸ், நீங்களும் பொது மேலாளர்கள்தான். வகுப்பு அணிக்கு ஆள் சேர்க்கும்போது, நாடகத்துக்கு யார் எந்த வேடம் என்று பிரிக்கும்போது, நண்பன் ஒருவனைக் குழுவிலிருந்து நீக்கலாமா என்று யோசிக்கும்போது... அப்போதெல்லாம் நீங்கள் உட்கார்ந்திருப்பதும் ஒரு நிர்வாக அறைதான்.

ஒரு நல்ல பழக்கம் சொல்லட்டுமா? முக்கியமான முடிவு எடுக்கும் முன்பு, அதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். "இது தப்பு" என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். சில வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பலித்தது உங்கள் யோசனையா, அதிர்ஷ்டமா என்று தெரிந்துவிடும்.

கிளே தாம்சன் பந்தை எறிந்த அடுத்த நொடியே அது விழுந்ததா, தவறியதா என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நிர்வாக அறையில் எறிந்த பந்து அப்படியல்ல. அது வளையத்தை அடையப் பல ஆண்டுகள் ஆகும். டல்லாஸ் வாங்கிய தேர்வு முறை 2029ல்தானே வருகிறது!

அதனால் அடுத்த முறை ஓர் அணி பெரிய வீரரைக் கொடுத்தது, வாங்கியது என்று செய்தி படித்தால், "யார் ஜெயித்தார்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எப்படி யோசித்து முடிவு செய்தார்கள்?" என்றும் கேளுங்கள்.

சரி, இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அன்று இரவு டல்லாஸ் அணியின் பொது மேலாளர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன்பு யாரிடமெல்லாம் கருத்துக் கேட்டிருப்பீர்கள்? நண்பர்களோடு உட்கார்ந்து விவாதியுங்கள், பார்ப்போம்!